மேயரின் வாரத்துக்கு ஒரு தாள்: திருகோணமலையில் நிகழ்ச்சி நிரல் போடும் முறை

வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அடுத்த வாரத்தின் தாளைக் கையில் எடுங்கள். மேசையில் மூன்று பேர் போதும்: மேயர், அவருடைய செயலாளர், சாரதி. சாரதி இல்லாமல் இந்தக் கூட்டத்தை வைக்க வேண்டாம். பள்ளி விடுகிற நேரத்தில் உவர்மலையில் இருந்து பஸ் நிலையப் பக்கம் இறங்க எவ்வளவு நேரம் பிடிக்கும், மீன் சந்தையடியில் வண்டியை எங்கே திருப்பலாம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

முதலில் நகர்த்த முடியாதவற்றை எழுதுங்கள். சபையின் பொதுக்கூட்டம் மாதத்துக்கு ஒன்றாவது நடந்தாக வேண்டும். அது விழும் வாரத்தில் அதற்கு முந்திய நாள் பின்னேரத்தை வெறுமையாக விடுங்கள். உறுப்பினர்களின் பிரேரணைகளையும் போன கூட்டத்தின் அறிக்கையையும் மேயர் வாசிக்காமல் தலைமை தாங்கினால், மேசையில் கேள்வி வரும்போது ஆணையாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அடுத்தது பொதுமக்கள் தினம், மக்கள் மனுவோடு மேயரை நேரில் காண வரும் நாள். பிறகு, கோவைகளில் கையொப்பம் போட ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம். இந்த ஒரு மணித்தியாலத்தை விழாவுக்குத் தாரைவார்த்தால் மூன்றாம் நாள் பற்றுச்சீட்டுகள் தேங்கும், நாலாம் நாள் குப்பை வண்டிக்கு டீசல் தேடுவார்கள்.

அதன் பிறகுதான் அழைப்பிதழ்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்விக்குப் பதில் வாங்குங்கள்: மேயர் பிரதம விருந்தினரா, சிறப்பு விருந்தினரா, சும்மா தலைகாட்டினால் போதுமா? பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பிரதம விருந்தினர் என்றால் பின்னேரம் முழுவதும் போய்விடும், ஏனென்றால் கேடயம் கொடுப்பது கடைசியில். அன்றைக்கு வேறெதுவும் போடாதீர்கள். கொடி ஏற்றிவிட்டு வந்துவிடலாம் என்றால் அதைப் பாடசாலைக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். நடுவில் எழும்பிப் போகிற மேயரைப் பெற்றோர் மறக்க மாட்டார்கள்.

கொழும்பில் கூட்டம் என்றால் ஏறக்குறைய 260 கிலோமீற்றர். போகிற நாளிலும் வருகிற நாளிலும் மாலை நிகழ்ச்சி ஏற்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமையைப் பார்த்து எழுதுங்கள். இராகு காலம் 10.30 முதல் 12 வரை. அது முடிய ஜும்ஆ தொழுகை. ஆக, அடிக்கல் நாட்டு விழாவுக்கு அன்றைக்குக் கிடைப்பது காலை எட்டரைக்கும் பத்துக்கும் இடைப்பட்ட நேரம் மட்டும். மேயருக்கு இராகு காலத்தில் நம்பிக்கை இருக்கிறதா என்பது இங்கே பேச்சே இல்லை. கல்லைத் தூக்கி வைக்கிற மேசனுக்கும் காணிக்காரருக்கும் இருக்கிறது. திங்களில் 7.30 முதல் 9 வரை, செவ்வாயில் 3 முதல் 4.30 வரை என்று தாளின் ஓரத்தில் குறித்துவிட்டால் மாற்றித் தரச் சொல்லி வரும் தொலைபேசி அழைப்புகள் பாதியாகும். போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்களையும் அதே ஓரத்தில் எழுதுங்கள்.

கோணேசர் கோயிலுக்குப் போக வேண்டிய நாளில் உள்ளே போய் வர மட்டுமே முக்கால் மணி சேர்த்துப் போடுங்கள். பாதை பிரெட்ரிக் கோட்டை வாசலால் போகிறது. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் வாகனம் வாசலில் மெதுவாகப் போக வேண்டும். மேலே செருப்பில்லாத நடை. மத்தியான வெயிலில் கல் காலைச் சுடும். வேட்டியோடு போய் அப்படியே அலுவலகக் கூட்டத்துக்கு ஓடுவதென்றால் மாற்றுடுப்பு வண்டியில் இருக்கட்டும்.

எல்லையையும் பாருங்கள். நிலாவெளி குச்சவெளிப் பிரதேச சபைக்குரியது, கன்னியா பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்குரியது. அங்கே மேயர் விருந்தாளி. அந்த ஊர் வீதிக்கு விளக்குப் போட்டுத் தருகிறேன் என்று மேடையில் சொல்லிவிட்டால் இரண்டு சபைக்கும் சங்கடம்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பக்கக் கடதாசி. அதில் இருக்க வேண்டியவை: எந்த வாசலால் நுழைவது, அங்கே வரவேற்பவர் யார், எந்த மொழியில் பேச்சு, மேயருக்கு முன்னும் பின்னும் பேசுகிறவர்கள், அந்த வட்டாரத்து உறுப்பினர் யார், அந்த ஊரார் கேட்கக்கூடிய இரண்டு விஷயம், அண்மையில் அங்கே யாராவது தவறியிருந்தால் அவர் பெயர். மதகுருமாரை முதலில் விளிக்க வேண்டும். அவர்களுடைய பெயர்களையும் பட்டங்களையும் தொலைபேசியில் கேட்டு எழுதாமல், எழுத்தில் வாங்குங்கள். பேச்சு ஏழு நிமிடம். சிங்களத்திலும் பேச வேண்டிய இடமென்றால் தமிழில் ஐந்து, சிங்களத்தில் இரண்டு.

நிகழ்ச்சிக்கு அரை மணிக்கு முன் ஏற்பாட்டாளரைக் கூப்பிடும்போது “ஆயத்தமா?” என்று கேட்காதீர்கள். ஆயத்தம் என்றுதான் பதில் வரும். “மைக் கட்டியாச்சா? பிள்ளைகள் வந்து இருந்திட்டாங்களா? ஐயர் வந்திட்டாரா?” என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்றாலும் மேயரைப் பதினைந்து நிமிடம் பிந்தி ஏற்றுங்கள். வெற்றுக் கதிரைகளுக்கு முன்னால் மேயரை உட்கார வைப்பதைவிட அது மேல்.

குத்துவிளக்கில்தான் அடிக்கடி மானம் போகும். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது டச்சுக் குடாப் பக்கம் திறந்த மேடையில் விளக்கு நின்று எரியாது. மெல்லிய திரி வேண்டாம். நாலைந்து இழை சேர்த்துத் தடிப்பாக முறுக்கி, முதல் நாள் இரவே நல்லெண்ணெயில் ஊறப் போடுங்கள். நுனியில் ஒரு துண்டுக் கற்பூரத்தைப் பொடித்து ஒட்டினால் உடனே பிடிக்கும். தட்டு நிறைய எண்ணெய் ஊற்றாதீர்கள், முக்கால் போதும். காற்று அடித்தால் தளும்பிச் சேலையில் வடியும். விளக்கை மேடையின் நடுவில் வைக்காமல் காற்று வரும் பக்கத்துத் தட்டியை அண்டி வையுங்கள். ஏற்றுவதற்குத் தீப்பெட்டி அல்ல, மெழுகுவர்த்தி, அதுவும் இரண்டு.

கொடியையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள். பச்சை, செம்மஞ்சள் பட்டைகள் கம்பத்தின் பக்கம், பச்சை கம்பத்தோடு ஒட்டி. சிங்கத்தின் வாள் மேல்நோக்கி. மடித்துப் பூ வைத்துக் கட்டிய பிறகு யாருக்கும் தெரியாது, ஏறிய பிறகு எல்லாருக்கும் தெரியும்.

டெங்குச் சிரமதானத்துக்கு மேயர் வந்து மண்வெட்டி பிடித்துப் படமெடுத்துவிட்டுப் போனால் பலனில்லை. நுளம்பு முட்டையில் இருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள். அதனால் அதே ஒழுங்கைக்கு அடுத்த வாரமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போக ஒரு நேரத்தைத் தாளில் போடுங்கள். முதலில் பொலித்தீன் பொறுக்குங்கள். நகருக்குள் திரியும் மான்கள் அதைத்தான் தின்கின்றன.

பொதுமக்கள் தினத்தில் மேயருக்குப் பக்கத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் சுகாதாரப் பரிசோதகரும் இருக்க வேண்டும். ஆளுக்கு ஏழெட்டு நிமிடம், வாசலில் இலக்கத் துண்டு. மனுவை வாங்கியதும் முதல் வேலை அது யாருடையது என்று பிரிப்பது. கொழும்புக்குப் போகிற வீதி மாதிரிப் பெரிய வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, குழாய்த் தண்ணீர் என்றால் நீர் வழங்கல் சபை, ஒழுங்கை, வடிகான், தெருவிளக்கு, குப்பை என்றால் நம்முடையது. பிறருடையதைக் கையோடு கடிதம் போட்டு அனுப்பி, பிரதியை மனுதாரரிடம் கொடுங்கள். “பார்ப்போம்” என்று சொல்லி அனுப்பியவர் அடுத்த வாரமும் அதே கதிரையில் இருப்பார்.

செத்தவீடு தாளைக் கேட்டு வராது. நாளாந்தம் பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் எதுவும் எழுதாமல் விடுவது அதற்காகத்தான். முஸ்லிம் வீட்டு ஜனாஸா சில மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். செய்தி கிடைத்ததும் புறப்பட வேண்டும், மலர்வளையம் தேவையில்லை. இந்து, கிறிஸ்தவ வீடுகளில் எடுக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அதற்கு ஒரு மணிக்கு முன் போகலாம். எந்த வீட்டிலும் சபையின் படப்பிடிப்பாளரைக் கூட்டிப்போக வேண்டாம்.

கடைசியாக ஒரு கொப்பி. மேடையிலும் வாசலிலும் மேயர் வாயால் சொன்ன ஒவ்வொன்றையும் செயலாளர் அன்றிரவே அதில் எழுத வேண்டும்: திகதி, இடம், சொன்னது என்ன, எந்தப் பிரிவு செய்ய வேண்டும். வண்டிக்குள் இருந்தே எழுதினால் நல்லது, காலையில் பாதி மறந்துவிடும். வியாழக்கிழமை மூன்று மணிக்கு அழைப்பிதழ்களைத் தொடுவதற்கு முன் அந்தக் கொப்பியைத் திறவுங்கள். பிரிவுத் தலைவரின் கையொப்பம் விழாத வரிகள் அடுத்த வாரத் தாளில் முதலில் ஏறும்.