மெசின் பிழையில்லை, செயின்தான் மொட்டை: வீட்டு அடுப்புக்கு விறகு வெட்டுற ஆக்களுக்கு

ரொறொன்ரோ, மார்க்கம் பக்கம் வீட்டு விலை கட்டுபடியாகாமல் லின்ஸி, பீற்றர்பரோ, ஒறில்லியா எண்டு வடக்கால போன எங்கட ஆக்கள் கொஞ்சப்பேருக்கு இப்ப விறகு அடுப்பில ஒரு கண். 2025 மார்ச் கடைசியில அந்தப் பக்கம் அடிச்ச ஐஸ் மழையில கரண்ட் நாள்க்கணக்கா இல்லாமல் போனதுதானே, ஃபர்னஸ் காஸில ஓடினாலும் அதின்ர ஃபானுக்குக் கரண்ட் வேணும், அது இல்லாட்டி வீடு விறைச்சுப் போயிடும். ஊரில விறகு சமையலுக்கு மட்டும்தான், பனைமட்டையும் தென்னம்பாளையும் காணும். இங்க ஒரு குளிர்காலத்தை விறகாலயே ஓட்டுறதெண்டால் வளவில முறிஞ்சு கிடக்கிற மேப்பிளை ஆர் துண்டு போடுறது? அதுக்காகச் செயின்சோ வாங்கிறது, முதல் நாள் நல்லா வெட்டும், அடுத்த கிழமை வெட்டின இடத்தில புகை வருது, ஒரு பக்கமா இழுக்குது, ஆள் தன்ர முழுப் பாரத்தையும் போட்டு மெசினை அமத்துறார், பிறகு மெசின் சரியில்லை எண்டு கடைக்குக் கொண்டு போறார். மெசினில ஒண்டும் இல்லை. செயின் மொட்டை.

வெட்டேக்க வாற தூளைப் பாருங்கோ. கூர் இருந்தால் சீவல் சீவலா வந்து பூட்ஸுக்கு மேல விழும், மொட்டை எண்டால் மா மாதிரிப் பொடியா வரும். (செத்துக் காய்ஞ்ச ஆஷ் மரம் எண்டால் நல்ல செயினும் கொஞ்சம் பொடியாத்தான் தள்ளும், அதை வைச்சுக் குழம்பாதேங்கோ.) இன்னொண்டு, கூரான செயின் தன்ர பாட்டிலயே மரத்துக்குள்ள இறங்கும், நீங்கள் மெசினைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் காணும். அமத்த வேண்டி வந்தால் அந்த இடத்திலயே நிப்பாட்டி அரத்தை எடுக்கிறதுதான் வேலை. இன்னும் ரெண்டு துண்டு வெட்டிப்போட்டுப் பாப்பம் எண்டு இழுத்தால் சூட்டில பாரும் (செயின் சுத்தி ஓடுற நீட்டுத் தகடு) பழுதாகும், உங்கட கையும் களைச்சுப்போம். களைச்ச கையாலதான் காயம் வாறது.

முதல் செயின் வாங்கிற கதை. கடையில போய் 18 இஞ்ச் பாருக்கு ஒண்டு தாங்கோ எண்டால் காணாது, மூண்டு இலக்கம் வேணும்: பிட்ச், கேஜ், ட்ரைவ் லிங்க் எத்தினை எண்டது. அனேகமா பாரின்ர அடியில, மெசினுக்குக் கிட்ட அடிச்சிருக்கும், தேய்ஞ்சு போயிருந்தால் கொஞ்சம் துடைச்சுப் பாருங்கோ. பிட்ச் எண்டது அடுத்தடுத்து வாற மூண்டு ரிவெற்றுக்கு இடையில இருக்கிற தூரத்தில பாதி. வீட்டுப் பாவனை மெசினில 3/8 இஞ்ச் லோ புரொஃபைல் (உயரம் குறைஞ்ச செயின்) இல்லாட்டி .325 இஞ்ச் தான் கூட வரும், பெரிய மெசினுக்கு முழு 3/8. லோ புரொஃபைலும் முழு 3/8 உம் பேரில ஒண்டு போல இருந்தாலும் ஒண்டுக்கு மற்றதைப் போடேலாது. கேஜ் எண்டது பாரின்ர பள்ளத்துக்குள்ள ஓடுற அந்தக் கீழ்ப்பல்லின்ர தடிப்பு, .043, .050, .058, .063 இஞ்ச் எண்டு வரும். தடிப்புக் கூடின செயின் உள்ள போகவே போகாது, அதால பிரச்சினை இல்லை. மெல்லிசான செயின் போகும், போய் ஆடிக்கொண்டு சரிஞ்சு வெட்டும், நாங்கள் பொருந்திட்டுது எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பம், அதுதான் கவனிக்க வேண்டியது. ட்ரைவ் லிங்க் எண்டது அந்தக் கீழ்ப்பல்லுகள்தான், பழைய செயினை மேசையில வைச்சு ஒண்டில மார்க்கரால புள்ளி போட்டிட்டு எண்ணுங்கோ, இல்லாட்டி எங்க தொடங்கினது எண்டு தெரியாது.

பல்லின்ர வடிவம் ஃபுல் சிசலா செமி சிசலா எண்டு கடையில கேப்பினம். ஃபுல் சிசலின்ர மூலை சதுரம், சுத்தமான பச்சை மரத்தில வேகமா வெட்டும், ஆனால் மண் பட்டால் அந்த மூலை உடன போயிடும். வீட்டு விறகு நிலத்தில கிடந்த மரம், பட்டைக்குள்ள மண்ணும் மணலும் இருக்கும், அதுக்கு மூலை உருண்ட செமி சிசல் காணும். கொஞ்சம் மெதுவா வெட்டும், நாங்கள் என்ன மில்லா நடத்துறம். புதுசா பழகிற ஆக்கள் கிக்பாக் (மெசின் திடீரெண்டு ஆளை நோக்கி எகிறுறது) குறைஞ்ச செயினாப் பாத்து வாங்குங்கோ. ரெண்டு மூண்டு செயினா வாங்கி வைச்சால் வேலை நடுவில நிக்காது, மொட்டையானதைக் கழட்டி வைச்சிட்டு மற்றதைப் போட்டுக்கொண்டு போகலாம், பின்னேரம் ஆறுதலா இருந்து தீட்டலாம்.

பூட்டேக்க பாரின்ர மேல்பக்கத்தில பல்லு முன்னுக்குப் பாக்க வேணும், மாறிப் போட்டிட்டு மெசின் வெட்டுதில்லை எண்டு நிக்கிற ஆக்களும் இருக்கினம். இழுவை பாக்கிறது செயின் ஆறி இருக்கேக்க: பாரின்ர மூக்கை மேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஸ்குரூவைத் திருகுங்கோ, கீழ்ப்பக்கம் தொய்வு இல்லாமல் பாரோட ஒட்டி இருக்க வேணும், கையுறை போட்ட கையால இழுத்தால் லேசா ஓட வேணும். பாரைத் தூக்கிப் பிடிச்சபடியேதான் நட்டை இறுக்கிறது. புதுச் செயின் முதல் கொஞ்ச நேரத்தில நீளும், அதால ரெண்டு துண்டு வெட்டின கையோட ஒருக்காப் பாருங்கோ. சூட்டில இறுக்கின செயினை வேலை முடிய அப்பிடியே விட்டிட்டு வந்தால் ஆறேக்க சுருங்கி பாரையும் ஷாஃப்டையும் போட்டு இழுக்கும், கொஞ்சம் தளத்தி விட்டிட்டு வாங்கோ. எண்ணெய் வருதோ எண்டு பாக்க, பார் மூக்கை ஒரு காட்போட்டுக்கு நேரா கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு ரேஸ் பண்ணினால் எண்ணெய்க் கோடு விழ வேணும். விழாட்டி பாரைக் கழட்டி பள்ளத்துக்குள்ளயும் எண்ணெய் வாற சின்ன ஓட்டைக்குள்ளயும் அடைஞ்சு கிடக்கிற தூளைக் கிண்டி எடுங்கோ. கழட்டின பாரைத் திரும்பப் பூட்டேக்க தலைகீழா மாத்திப் பூட்டினால் ரெண்டு பக்கமும் ஒரே அளவாத் தேயும். மைனஸ் குளிரில தடிச்ச பார் ஒயில் ஓடாது, வின்ரர் எண்டு போட்டிருக்கிறதை வாங்குங்கோ. பெற்றோல் மெசினுக்கு கனக்க இடத்தில 50:1 தான், 5 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர் ரூ-ஸ்ரோக் ஒயில், உங்கட மெசின் புத்தகத்தில வேற சொல்லியிருந்தால் அதின்படி செய்யுங்கோ. போன வருசத்து மிச்சப் பெற்றோலை ஊத்த வேண்டாம்.

இனித் தீட்டுறது. 1946 இல அமெரிக்காவில ஓறகன் மாநிலத்தில ஜோ கொக்ஸ் எண்ட மரவெட்டி ஒரு வண்டுப்புழு மரத்தை அரிக்கிறதைப் பாத்தாராம், அதின்ர ரெண்டு தாடையும் இடமும் வலமுமா மாறி மாறிச் சீவிக்கொண்டு போகுதாம், அதைப் பாத்துத்தான் இப்ப இருக்கிற மாதிரிச் செயினைச் செய்தவர். உங்கட செயினைப் பாருங்கோ, ஒரு பல்லு இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம். ரெண்டு பக்கமும் ஒரே நீளம், ஒரே சரிவு எண்டால்தான் நேரா இறங்கும். ஒரு பக்கம் கட்டையாப் போனால் வெட்டு வளைஞ்சு வளைஞ்சு போகும், மெசினை எவ்வளவு நேராப் பிடிச்சாலும் பிரியோசனம் இல்லை.

அரத்தின்ர அளவு பிட்ச்சைப் பொறுத்தது. லோ புரொஃபைல் 3/8 க்கு 4.0 மில்லிமீற்றர் உருண்டை அரம், .325 க்கு 4.8, முழு 3/8 க்கு செயின் செய்த கொம்பனியைப் பொறுத்து 5.2 இல்லாட்டி 5.5, செயின் வந்த பெட்டியில போட்டிருக்கும். மெசினை நிப்பாட்டி, பட்டரி மெசின் எண்டால் பட்டரியைக் கழட்டி, பாரை ஒரு வைஸில பிடியுங்கோ. காட்டுக்குள்ள எண்டால் ஒரு அடிமரத்தில பார் போற அளவுக்கு ஒரு வெட்டுப் போட்டு அதுக்குள்ள பாரைச் செருகினால் ஆடாமல் நிக்கும். செயின் பிரேக்கைப் போட்டிட்டுத் தீட்டுறது, அடுத்த பல்லுக்குப் பிரேக்கை எடுத்திட்டுச் செயினை முன்னால தள்ளுறது. கையுறை கட்டாயம், ஓடாத செயினும் வெட்டும். எல்லாத்திலும் கட்டையான பல்லைத் தேடி அதில ஒரு மார்க்கர் கீறு போடுங்கோ, அந்தப் பல்லின்ர நீளத்துக்குத்தான் மற்றதெல்லாம் வர வேணும்.

அரத்தை உள்பக்கம் இருந்து வெளியால தள்ளுறது. தள்ளேக்க மட்டும்தான் அது அராவும், திருப்பி எடுக்கேக்க தூக்கி எடுங்கோ, உரஞ்சி இழுத்தால் அரம்தான் மொட்டையாகும். சரிவு அனேகமான செயினுக்கு 30 பாகை, கன செயினில பல்லுக்கு மேல பின்பக்கமா ஒரு சின்னக் கோடு இருக்கும், அரம் அந்தக் கோட்டுக்குச் சமாந்தரமாப் போனால் சரி. அரத்தின்ர அஞ்சில ஒரு பங்கு பல்லின்ர மேல்விளிம்புக்கு மேல தெரிய வேணும். கீழ இறங்கினால் பல்லு கொக்கி மாதிரி வளைஞ்சு கூடக் கடிக்கும், கெதியா மொட்டையும் ஆகும். மேல ஏறினால் விளிம்பு தடிச்சு வெட்டவே வெட்டாது. கண்ணளவு நம்பிக்கை இல்லாட்டி அரத்தில பூட்டுற கைட் ஒண்டு வாங்குங்கோ, சின்னக் காசு. ஒரு பல்லுக்கு மூண்டு நாலு தள்ளு, ஒரே அமத்தம், ஒரு பக்கப் பல்லு எல்லாம் முடிச்சிட்டு மெசினின்ர மற்றப் பக்கம் வந்து மற்றதுகள். எங்களுக்கு வலக்கை பலம் எண்டபடியா ஒரு பக்கம் கூட அராவுப்படும், அந்தப் பக்கத்துக்கு ஒரு தள்ளைக் குறைச்சுப் பாருங்கோ.

கூர் வந்திட்டுதோ எண்டு விரலால தடவிப் பாக்கிறதை விட்டிட்டு வெளிச்சத்தில பிடியுங்கோ. மொட்டை விளிம்பில மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு மினுங்கும். கூர் வந்த விளிம்பில மினுக்கம் ஒண்டும் இருக்காது, வெளிச்சம் பிடிக்கிறதுக்கு அங்க இடமே இல்லை. கல்லில பட்ட பல்லெண்டால் அந்த மூலையில உடைஞ்ச வெளிறல் போகுமட்டும் அராவத்தான் வேணும், அலுப்புத்தான், வேற வழி இல்லை. கடையில குடுத்து மெசினில தீட்டினால் விளிம்பு நீலமாகிக் கிடக்கோ எண்டு பாத்து வாங்குங்கோ, நீலம் எண்டால் சூடு கூடி உருக்கின்ர தன்மை மாறிப்போச்சு.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால ஒரு சின்ன மேடு இருக்கு, ரேக்கர் எண்டு சொல்லுவினம். பல்லு எவ்வளவு ஆழம் கடிக்கலாம் எண்டதை அதுதான் தீர்மானிக்கிறது. பல்லை அராவ அராவ பல்லு பதிஞ்சுகொண்டு வரும், ரேக்கர் அப்பிடியே நிக்கும், கடைசியில பல்லு மரத்தைத் தொடாமல் ரேக்கர்தான் தொடும், நல்ல கூர் இருந்தும் செயின் வெட்டாது. ஆக்களுக்கு இது விளங்காமல்தான் நல்ல செயினைத் தூக்கி எறியிறது. நாலைஞ்சு தரம் தீட்டின பிறகு ரேக்கர் அளக்கிற கேஜை (முதல் சொன்ன தடிப்புக் கேஜ் இல்லை, இது ஒரு சின்ன அளவுத் தகடு) மேல வைச்சுப் பாருங்கோ, அனேகமா .025 இஞ்ச், அதாவது 0.65 மில்லிமீற்றர் பதிவு இருக்க வேணும், கேஜுக்கு மேல நீட்டிக்கொண்டு நிக்கிறதைத் தட்டை அரத்தால ரெண்டு தள்ளு, முன் மூலையைக் கொஞ்சம் உருட்டி விடுங்கோ. ஆசைப்பட்டுக் கூட இறக்கினால் செயின் வெறி பிடிச்சுக் கடிச்சு இழுக்கும், கிக்பாக்கும் கூடும்.

துண்டு போடேக்க செயினுக்கு முதல் எதிரி நிலம். ஓடுற செயின் மண்ணில ஒருக்காத் தொட்டால் நீங்கள் தீட்டினது அவ்வளவும் வீண். மரத்துக்குக் கீழ கட்டை குடுத்து உயத்துங்கோ, ஏலாட்டி மேல இருந்து முக்கால்வாசி வெட்டிக்கொண்டு போய், எல்லாத் துண்டுக்கும் அப்பிடி வெட்டினாப் பிறகு மரத்தைப் பிரட்டி மிச்சத்தை வெட்டுங்கோ. ரெண்டு பக்கமும் தாங்கி நிக்கிற மரம் நடுவில வெட்டினால் மேல நெருக்கி பாரைப் பிடிக்கும், அதுக்கு மேல இருந்து மூண்டில ஒரு பங்கு, பிறகு கீழ இருந்து மேல வந்து முடிக்கிறது. ஒரு பக்கம் அந்தரத்தில தொங்கிற மரம் எண்டால் இதுக்குத் தலைகீழ், முதல் கீழ இருந்து, பிறகு மேல இருந்து. பாரின்ர மூக்கின்ர மேல் மூலை ஒண்டிலயும் முட்டக்கூடாது, கிக்பாக் வாறது அங்கதான், கண் சிமிட்டிற நேரத்தில மெசின் முகத்துக்கு வரும். இடக்கைப் பெருவிரல் முன் பிடியைச் சுத்தி இருக்க வேணும். சாப்ஸ் (காலுக்கு மேல கட்டுற பாதுகாப்புக் கவசம்), ஹெல்மெற்றோட முகவலை, காதுமூடி, பூட்ஸ் இல்லாமல் ஸ்ராட் பண்ணாதேங்கோ, சாப்ஸுக்குள்ள இருக்கிற நார் செயினில சுத்தித்தான் அதை நிப்பாட்டுறது, அதால ஒருக்கா வெட்டுப்பட்ட சாப்ஸைத் திருப்பிப் போடுறதில்லை.

நிக்கிற மரத்தைச் சாய்க்கிறது இந்தக் கதைக்குள்ள இல்லை. விசேசமா ஆஷ். 2002 இல டிற்றொய்ட், வின்ஸர் பக்கம் கண்டுபிடிச்ச எமறல்ட் ஆஷ் போறர் வண்டு ஒன்ராறியோவில நிக்கிற ஆஷைச் சாகடிச்சுக்கொண்டு வருது, அப்பிடிச் செத்த மரம் சுள்ளி மாதிரி எந்தப் பக்கமும் முறியும், காசு குடுத்து ஆளைப் பிடியுங்கோ. அந்த வண்டாலதான் கனேடிய உணவுப் பரிசோதனை ஏஜென்சி கட்டுப்பாடு போட்ட இடங்களுக்கு வெளியால எந்த மர விறகையும் அனுமதி இல்லாமல் கொண்டு போகேலாது, கொட்டேஜுக்கு விறகு ஏத்திக்கொண்டு போற ஆக்கள் கவனம்.

துண்டு 16 இஞ்ச் நீளம் எண்டால் கன அடுப்புக்குப் பொருந்தும், உங்கட அடுப்பின்ர உள்அளவைப் பாத்திட்டு அதைவிடக் கொஞ்சம் குறைச்சு வெட்டுங்கோ. விறகு வாங்கிற ஆக்கள் புஷ் கோர்டா ஃபேஸ் கோர்டா எண்டு கேளுங்கோ. புஷ் கோர்ட் 4 அடி, 4 அடி, 8 அடி, மொத்தம் 128 கன அடி. 16 இஞ்ச் விறகில ஃபேஸ் கோர்ட் எண்டது அதில மூண்டில ஒண்டுதான், விலையை மட்டும் பாத்தால் ஏமாறுவியள். பிளக்கிறதுக்கு நல்ல குளிர் நாள் பாருங்கோ, உறைஞ்ச மேப்பிள் ஒரு கொத்தில ரெண்டாகும். எல்ம் எந்தக் குளிரிலயும் நார் நாராத்தான் வரும், அதோட மல்லுக்கட்டாதேங்கோ.

பிளந்த கையோட பலட்டுக்கு மேல, வெயிலும் காத்தும் படுற இடத்தில அடுக்குங்கோ, மேல மட்டும் மூடி பக்கத்தைத் திறந்து விடுங்கோ, தார்ப்பாலால முழுக்கச் சுத்தினால் உள்ளுக்கு அவிஞ்சு பூஞ்சணம் பிடிக்கும். மேப்பிளுக்கு ஒரு வருசம், ஓக்குக்கு ரெண்டு வருசம் எண்டு வையுங்கோ, அதால இந்த வசந்தத்தில வெட்டுற விறகு வாற குளிருக்கு மட்டுமட்டுத்தான். ஈரப்பதம் 20 வீதத்துக்குக் கீழ வர வேணும். மீற்றரை வெளிப்பக்கம் குத்திப் பாக்கிறதால ஒண்டும் தெரியாது, ஒரு துண்டை எடுத்துப் புதுசாப் பிளந்து உள்முகத்தில குத்துங்கோ. ஈர விறகு எரிக்கேக்க வெப்பம் எல்லாம் தண்ணியை ஆவியாக்கவே போயிடும், புகைபோக்கிக்குள்ள கிரியோசோட் (புகையில இருந்து வாற தார் மாதிரிக் கசடு) படிஞ்சு ஒரு நாளைக்கு அதுவே பத்தும். வருசத்துக்கு ஒருக்கா குளிருக்கு முதல் புகைபோக்கியைத் துடைப்பியுங்கோ, அடுப்புப் பூட்ட முதலே இன்சூரன்ஸ்காரரோட கதையுங்கோ, அனேகமா விறகு அடுப்புச் சரியாப் பூட்டியிருக்கோ எண்டு பாக்கிற வெற் (WETT) இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போட் கேப்பினம். காபன் மொனொக்சைட் அலாரம் படுக்கிற அறைகளுக்குக் கிட்ட இருக்க வேணும். அள்ளின சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில போட்டு, வீட்டுக்கு வெளியால, மர டெக்கில இல்லாமல் வையுங்கோ, அணைஞ்ச மாதிரிக் கிடக்கிற தணல் ரெண்டு மூண்டு நாளைக்கும் உள்ளுக்கு உயிரோட இருக்கும்.