முன்பின் தெரியாத முதலாளிக்கு மெயில் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்ன கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து தருவது என் தொழில். வேலை கேட்டு முன்பின் தெரியாதவர்களுக்கு நான் போட்ட முதல் மெயில் (இதைக் கோல்ட் மெயில் என்பார்கள்) ஒரே அழுத்தலில் 140 பேருக்குப் போனது. கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ என்று கோயம்புத்தூரில் கிரைண்டரும் பம்ப்பும் செய்யும் சின்ன கம்பெனிகளின் முகவரிகளை இரண்டு நாள் உட்கார்ந்து சேர்த்தேன். அத்தனையையும் ‘டு’ கட்டத்திலேயே ஒட்டி அனுப்பிவிட்டேன். ஒவ்வொருவருக்கும் மற்ற 139 பேரும் யார் யார் என்று தெரிந்துவிட்டது. வந்தது ஒரே ஒரு பதில்: “தம்பி, இதுல பாதிப் பேர் எனக்குப் போட்டி. நீங்க யாருக்கு வெப்சைட் பண்ணப் போறீங்க?”

ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் மறைக்கும் ‘பிசிசி’ கட்டத்தில் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம் என்றுதான் அன்று நினைத்தேன். அப்படிப் போட்டிருந்தால் தவறு வெளியே தெரிந்திருக்காது, அவ்வளவுதான். அந்த 140 கம்பெனிகளில் ஒன்றின் வெப்சைட்டைக்கூட நான் திறந்து பார்த்திருக்கவில்லை.

இப்போது அனுப்பும் முன் ஒன்றைச் சோதித்துக்கொள்கிறேன். பெயரை மட்டும் மாற்றி இதே மெயிலைப் பக்கத்து கம்பெனிக்கு அனுப்ப முடியுமா? முடியும் என்றால் அனுப்புவதில்லை.

பார்க்காமலே எழுதுவது

“அன்புடையீர், நாங்கள் முன்னணி டிஜிட்டல் நிறுவனம். வெப்சைட், எஸ்இஓ, சோஷியல் மீடியா, லோகோ அனைத்தும் குறைந்த விலையில் செய்து தருகிறோம்.” இந்த மெயிலைப் பெறாத முதலாளி தமிழ்நாட்டில் இருக்க முடியாது. இதில் எழுதுபவரைப் பற்றி எல்லாம் இருக்கிறது, படிப்பவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

எழுதுவதற்கு முன் கால் மணி நேரம் போனை எடுத்து அவர்கள் வெப்சைட்டை ஒரு வாடிக்கையாளர்போல நோண்டிப் பாருங்கள். விசாரணைப் படிவத்தை அனுப்பினால் போகாது. கேட்லாக் இறங்கி முடிவதற்குள் டீ ஆறிவிடும். கூகுள் மேப்பில் காலி செய்துவிட்டுப் போன பழைய குடோனில் புள்ளி நிற்கும். போன வருடத் தீபாவளிச் சலுகை இன்னும் முகப்பில் ஓடிக்கொண்டிருக்கும். இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து குறைகளையும் அடுக்கினால் அது புகார்க் கடிதமாகிவிடும்.

நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும். சப்ஜெக்ட் லைன்: “2 லிட்டர் டில்டிங் கிரைண்டர் பக்கம் திறக்கவில்லை.”

“வணக்கம் சார். உங்கள் வெப்சைட்டில் 2 லிட்டர் டில்டிங் கிரைண்டர் படத்தைத் தொட்டால் போனில் வெறும் பக்கம்தான் வருகிறது. கம்ப்யூட்டரில் சரியாக இருப்பதால் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. படம் கீழே இருக்கிறது. நான் கோயம்புத்தூரில் சின்ன கம்பெனிகளுக்கு வெப்சைட் வேலை செய்கிறேன். இதைச் சரிசெய்ய அரை நாள் ஆகும். உங்கள் ஆளே செய்துவிடலாம், இல்லையென்றால் நான் செய்து தருகிறேன். வேண்டுமா என்று ஒரு வரி போட்டால் போதும்.” அடியில் பெயர், போன் நம்பர்.

குறையை இலவசமாகச் சொல்லிவிட்டால் வேறு ஆளை வைத்துச் சரிசெய்துகொள்ள மாட்டார்களா? செய்துகொள்வார்கள், எனக்கே நடந்திருக்கிறது. அப்படிச் செய்துகொண்ட ஒருவர் எட்டு மாதம் கழித்துப் புது மாடல்களுக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டார்.

இன்னொரு பக்கமும் சறுக்கியிருக்கிறேன். ஒருவருக்கு “உங்கள் வெப்சைட் பத்து வருடம் பின்தங்கியிருக்கிறது” என்று எழுதினேன். அதைச் செய்தது அவருடைய மகளாம், கல்லூரியில் படிக்கும்போது. திறக்கவில்லை, வேலை செய்யவில்லை என்று எதையும் எழுதலாம். நன்றாக இல்லை என்று மட்டும் எழுதக் கூடாது.

யாருக்கு என்று தெரியாமல் அனுப்புவது

சின்ன கம்பெனியின் மெயில் முகவரி பல இடங்களில் ஜிஎஸ்டி ஓடிபி வருவதற்காகவே இருக்கிறது. அதைத் திறப்பவர் கணக்கு எழுதுபவர், சில சமயம் ஆடிட்டர் ஆபீஸ் பையன். “டியர் சார் ஆர் மேடம்” என்று வருவதை அவர்கள் முதலாளியிடம் எடுத்துப் போக மாட்டார்கள். பெயர் போட்டு வந்தால் சொல்வார்கள்.

பெயரைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஜிஎஸ்டி எண். வெப்சைட்டின் அடியிலோ கேட்லாக்கிலோ 15 இலக்கத்தில் இருக்கும், தமிழ்நாடு என்றால் 33இல் தொடங்கும். ஜிஎஸ்டி போர்ட்டலில் லாகின் செய்யாமலே அதைத் தேடலாம். தனி உரிமையாளர் நிறுவனம் என்றால் சட்டப்படியான பெயர் என்ற இடத்தில் உரிமையாளரின் பெயரே வரும். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனிப் பெயர்தான் வரும், அங்கே இந்த வழி உதவாது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. எத்தனையோ நிறுவனங்கள் மனைவி பெயரில் பதிவாகியிருக்கும், நடத்துவது கணவர். சில இடங்களில் பதிவு கணவர் பெயரில், கம்பெனியே மனைவி கையில். ஆகவே ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு “ஒரு மெயில் அனுப்பணும், யார் பேருக்குப் போடட்டும்?” என்று கேட்டுவிடுவேன். ஒரு நிமிட வேலை. அப்புறம் மெயில் வந்ததும் “காலையில் கூப்பிட்டாங்களே, அவங்க” என்று ஞாபகம் வைத்திருப்பார்கள்.

நெட்டில் கிடைக்கும் டெம்ப்ளேட்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தைக்கு எழுதப்பட்டவை. அறுபதை நெருங்கும் முதலாளிக்கு “ஹாய்” போட்டு வெறும் பெயரில் தொடங்கினால் இரண்டாவது வரிக்கே வர மாட்டார். “வணக்கம் சார்”, “வணக்கம் மேடம்” போதும். ஆங்கிலமா தமிழா என்று குழப்பம் வந்தால் அவர்கள் வெப்சைட் எந்த மொழியில் இருக்கிறதோ அதில் எழுதுங்கள். சப்ஜெக்ட் லைனில் “ரீ:” சேர்த்து ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பதுபோல் காட்டும் தந்திரத்தையும் சிலர் சொல்லித் தருகிறார்கள். திறந்து பார்ப்பார்கள்தான், திறந்ததும் ஏமாற்றுக்காரன் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

ஸ்பேமில் போய் விழுவது

முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்காதீர்கள். அதில் செத்துப்போன முகவரிகள்தான் ஏராளம். மெயில்கள் போய்ச் சேராமல் திரும்பி வர வர, உங்கள் முகவரிமேல் சந்தேகம் கூடும். சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர் வரைதான் அனுப்ப முடியும். அந்த எல்லையை முட்டும் அளவுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் ஒருவரைக்கூடப் பார்த்து எழுதவில்லை என்று அர்த்தம். நான் ஒரு நாளைக்கு ஐந்தாறுக்கு மேல் போடுவதில்லை.

சொந்த டொமைனில், அதாவது உங்கள் கம்பெனிப் பெயரில் வாங்கிய இணைய முகவரியிலிருந்து அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் முதலில் போட்டுவிடுங்கள். இந்த மெயில் உண்மையிலேயே இந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் பதிவுகள் அவை. டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் என்ற அமைப்புகள் பக்கத்தில் சேர்க்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது கட்டாயம். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 அல்லது அதற்கு மேல் மெயில் அனுப்புகிறவர்களுக்கு மூன்றுமே கட்டாயம். ஸ்பேம் என்று புகார் செய்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்றும் கூகுள் சொல்கிறது. ஆயிரத்தில் மூன்று பேர்!

12 எம்பி கம்பெனி புரொஃபைலை அட்டாச் செய்யாதீர்கள். தெரியாத ஆளின் அட்டாச்மென்ட்டைத் திறக்காதே என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மெயிலுக்குள்ளேயே ஒரு படம் போதும். மெயிலில் ஒளித்துவைத்த ஒரு குட்டிப் படம் இறங்குவதை வைத்து, திறந்தார்களா என்று வேவு பார்க்கும் கருவிகளையும் நம்ப வேண்டாம். 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, ஆள் திறக்காதபோதும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும், கருவி அதையும் ‘திறந்தார்’ என்றே எண்ணும். அதை நம்பி “நீங்கள் மூன்று முறை படித்ததைப் பார்த்தேன்” என்று எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும். பதில் வந்ததா என்று கேட்காதீர்கள்.

வெளிநாட்டுக் கடைகளுக்கு எழுதுகிறவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி வணிக மெயிலில் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும், சொன்னால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும். நிறுவனத்துக்கு அனுப்பினாலும் இதுதான். கனடாவில் 2014 முதல் சம்மதம் வேண்டும். பிரிட்டனில் லிமிடெட் கம்பெனிக்கு எழுதலாம், தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு முன்சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது.

நாள் பார்க்காமல் அனுப்புவது

மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கெடு. அதையொட்டி ஆபீஸே ஆடிட்டரோடு போனில் இருக்கும். வாரச் சம்பளம் போடும் இடங்களில் சனிக்கிழமை யாருக்கும் எழுதிப் பயனில்லை. ஆயுத பூஜை வாரத்தைச் சொல்லவே வேண்டாம். செவ்வாய், புதன் காலை பதினொரு மணிவாக்கில் எனக்குச் சரிப்பட்டு வருகிறது.

பதில் வந்த பிறகு சொதப்புவது

“எவ்வளவு ஆகும்?” இது ஒரு வரியில் வரும். இதற்கு “உங்கள் தேவையைப் புரிந்துகொள்ள அரை மணி நேரம் பேசலாமா?” என்று எழுதிப் பல பார்ட்டிகளை இழந்திருக்கிறேன். கிரைண்டர் செய்பவரிடம் யாராவது விலை கேட்டால் அவர் ரேட் சொல்வார், நம்மிடமும் அதைத்தான் எதிர்பார்க்கிறார். இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை, இது சேர்த்தி, இது தனி என்று எழுதிவிடுங்கள். பேசுவது அப்புறம் தானாக நடக்கும்.

பதிலே வரவில்லையென்றால் ஐந்தாறு நாள் கழித்து ஒரு முறை, மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை எழுதுவேன், அதோடு சரி. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது சொல்ல இருக்க வேண்டும். “முந்தைய மெயிலைப் பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்பது கடன் வசூல்போல இருக்கும்.

“தீபாவளி முடியட்டும், பார்க்கலாம்” என்று வரும் பதிலை நான் ரொம்ப நாள் மறுப்பு என்றே எடுத்துக்கொண்டேன். ஆர்டர் நெருக்கும் மாதத்தில் ஒரு முதலாளி அதைத்தான் எழுத முடியும். இப்போது டைரியில் தேதியைக் குறித்துவைக்கிறேன். கார்த்திகை முதல் வாரத்தில், புது மெயில் தொடங்காமல், அந்தப் பழைய மெயிலுக்கு அடியிலேயே எழுதுகிறேன். தான் எழுதிய வரி அவர் கண்ணிலேயே படும்.