பிள்ளைகள் பாடும்போது வாத்தியார் வாயை மூடவேண்டும்

சத்துவாச்சாரியில் மொட்டை மாடியில் கூரை போட்டுப் பதினெட்டு வருடமாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். மே மாதத்தில் சாயங்காலம் ஐந்தரைக்கு முன்னால் அங்கே கால் வைக்க முடியாது. வேலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். இப்போது 22 பிள்ளைகள். தனியாகப் பாடினால் நன்றாக இருக்கிறது, சேர்ந்து பாடினால் சந்தைக்கடை ஆகிறது, என்ன செய்வது என்று புதிதாக வகுப்பு தொடங்கியவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்.

நீங்களும் கூடவே பாடுகிறீர்களா? அதை நிறுத்துங்கள். உங்கள் குரல் எல்லாப் பிசிறையும் மூடிவிடும், கச்சேரி அன்றுதான் வெளியே வரும். ஒரு வரி பாடிக் காட்டிவிட்டு எழுந்து போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் நில்லுங்கள். முன்னால் உட்கார்ந்தால் பெரிய குரல்காரிகள் இரண்டு பேர்தான் காதில் விழுவார்கள். பின்னால் போனால் யார் உதட்டை மட்டும் அசைக்கிறார்கள், யாருக்கு நிஷாதம் (நி ஸ்வரம்) இறங்குகிறது என்று தெரியும். பெயரைச் சொல்லித் திருத்த வேண்டாம். "இந்தப் பக்கம் கொஞ்சம் இறங்குது, தம்புராவைக் கேளுங்க" என்றால் போதும், சம்பந்தப்பட்டவருக்குப் புரிந்துவிடும்.

அப்புறம் சுருதி. நான் பாடுவது ஒன்றரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு). ஆரம்பத்தில் அதிலேயே ஒரு ஸ்தாயி மேலே பிள்ளைகளையும் பாடவைத்தேன். மேல் காந்தாரம் (க ஸ்வரம்) வந்ததும் பாவம், கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள். அந்த உயரத்துக்குக் கீழே வரும் ஐந்து கட்டைக்கு மாற்றிய பிறகுதான் மூச்சு விட்டார்கள். எனக்கு அது வசதியில்லைதான். நானா மேடையில் பாடப்போகிறேன்?

சேர்ந்து பாடத் தொடங்குகிறவர்களுக்கு முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களைக் கொடுங்கள். வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டுச் சங்கராபரண ஸ்வரங்களில் அமைத்தவை. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, இல்லாததால் 22 தொண்டையும் ஒரே இடத்தில் நிற்கும். எடுத்த எடுப்பிலேயே தோடி ராகத்தைக் கொடுத்தால் காந்தாரத்தை ஆளுக்கொரு விதமாக ஆட்டுவார்கள். எங்கே மூச்சு எடுப்பது என்பதையும் நோட்டில் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள்.

மேடைக்கு அரை மணி முன்னாடியே போங்கள். விளக்குச் சூட்டில் மிருதங்கத் தோல் இறுகிச் சுருதி ஏறும், வயலின் தந்தி தளர்ந்து இறங்கும். விளக்கைப் போட்டுவைத்துப் பிறகு சேர்ப்பதுதான் சரி.

குரல் உடைகிற பையன்கள் விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். ஒன்பதாவது படித்த ஒருவனிடம், நவராத்திரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, "நீ வாயை மட்டும் அசைடா" என்றேன். அவன் தலையை ஆட்டினான். நிகழ்ச்சிக்கு வரவில்லை, அதற்குப் பிறகு வகுப்புக்கும் வரவில்லை. இப்போது அந்த வயதுப் பையன்கள் வந்தால் கையில் ஜால்ராவைக் கொடுத்துத் தாளத்தை ஒப்படைக்கிறேன். பாட்டிலும் கீழ் ஸ்தாயியில் அவர்களுக்கு எட்டுகிற நான்கைந்து ஸ்வரங்கள் வரும் வரிகளைப் பிரித்து வைத்திருக்கிறேன். ஏழெட்டு மாதத்தில் குரல் ஒரு இடத்தில் உட்காரும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அதுவரை வாரம் ஒருமுறை தனியாக உட்காரவைத்து எந்த ஸ்வரம் வரை சிரமமில்லாமல் போகிறது என்று பார்த்து, நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்கிறேன்.