கேதாரகௌரி விரதம்: புதிதாகப் பிடிப்பவர்கள் விடும் பிழைகள்

புரட்டாதி வளர்பிறைத் தசமி நெருங்கினால் எங்கள் ஒழுங்கையில் யாராவது ஒரு புது மருமகள், சிவனையும் அம்மையையும் வேண்டி இருபத்தொரு நாள் இருக்கும் கௌரி விரதம் பிடிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு வருவாள். சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் இளவயதில் விட்ட பிழைகளையே இவர்களும் ஒன்று விடாமல் விடுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. குளித்துவிட்டுக் கும்பிடுங்கள், மச்சம் சாப்பிடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை அறியாத சைவ வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை.

தீபாவளியோடு விரதம் முடிந்தது என்று நினைப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இந்தப் பிழைதான். விரதம் முடிவது தீபாவளியில் என்று யாரோ சொல்லக் கேட்டிருப்பார்கள். முடிவது ஐப்பசி அமாவாசையில். தீபாவளி விடியற்காலைச் சதுர்த்தசியை வைத்து வருவது. இரண்டும் சில வருடங்களில் ஒரே நாளில் கூடிவரும், சில வருடங்களில் பிரிந்து நிற்கும். 2024இல் தீபாவளி ஒக்டோபர் 31. அமாவாசையோ அன்று பிற்பகல்தான் தொடங்கி, நவம்பர் 1 மாலை வரை நின்றது.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. வளர்பிறைத் தசமி முதல் பௌர்ணமி வரை 6 திதிகள், அதன்பின் தேய்பிறைப் பிரதமை முதல் அமாவாசை வரை 15. மொத்தம் 21. ஆனால் ஒரு திதி ஏறத்தாழ 20 முதல் 27 மணித்தியாலம் வரை கூடிக் குறைந்து வரும் என்பதால், சுவர்க் கலண்டரில் இருபத்தொரு கட்டத்தை எண்ணி வட்டம் போட்டால் சரிவராது. இதற்கு மேல் எங்கள் ஊரில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம். தொடக்கத்தைக் கைபேசியில் பார்த்து, முடிவைக் கோயிலில் கேட்டு, நடுவில் ஒரு நாள் எங்கே போனது என்று தேடுகிறவர்களை வருடாவருடம் காண்கிறேன். விரதம் முடியும்போது கையில் காப்பு நூல் கட்டப்போகும் கோயில் எந்தப் பஞ்சாங்கமோ, தொடக்கமும் முடிவும் அதன்படி இருக்கட்டும். குருக்களிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இதில் பஞ்சாங்கத்தைவிடப் பெரிய இடைஞ்சல் பங்கு இறைச்சி. தீபாவளி என்றால் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஆடு வாங்கி, விடியவே அடித்து, பனையோலையில் கூறு போட்டுப் பிரித்துக்கொள்வது இங்கே வழக்கம். அதில் எனக்குக் குறை இல்லை. அந்தக் கூறு வந்து இறங்கும் குசினியில் நிற்பது யார்? விரதக்காரிதான். சில வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டு மருமகள், ஒரு பொழுது சாப்பாட்டோடு அத்தனை நாளும் ஒழுங்காக விரதம் இருந்தவள், தீபாவளி மத்தியானம் குழம்பைக் கூட்டி வைத்தாள். உப்புப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தாள். அந்திக்கு என்னிடம் வந்து, "மாமி, தீபாவளியோடு விரதம் முடிந்துவிட்டதுதானே?" என்று கேட்டாள். அவள் விரல்களில் இன்னும் சரக்குத்தூள் மஞ்சள். மறுநாள்தான் காப்பு. அவள் அழுததைவிட, "சின்னப் பிள்ளைதானே, அடுத்த வருடம் பிடிக்கட்டும்" என்று அந்த வீட்டுப் பெரியவர்கள் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவளை இறைச்சிச் சட்டியின் முன்னால் நிறுத்தியவர்கள் அவர்கள்.

ஆகவே விரதம் தொடங்கும்போதே வீட்டில் பேசிவிடுங்கள்: தீபாவளிச் சமையலை வேறு யாராவது பார்க்க வேண்டும், விரதக்காரருக்குச் சட்டி, அகப்பை, அடுப்பு எல்லாம் வேறு. முதல் நாள் இரவு பேசினால் சண்டைதான் வரும்.

எடுத்த எடுப்பில் இருபத்தொரு நாள்

வேலைக்குப் போகிறவர், பால் கொடுக்கும் தாய் எல்லாரும் முழுதாகப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தேய்பிறைப் பிரதமையில் தொடங்கலாம், அட்டமியில் தொடங்கலாம், கடைசி ஒரு நாள் மட்டும்கூடப் பிடிக்கலாம் என்று ஆறுமுக நாவலரே சைவ வினாவிடையில் வழி விட்டிருக்கிறார். நாவலரைவிடக் கண்டிப்பானவர்கள் எங்கள் ஊர் மாமியார்கள்.

குளிசையை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்குவது

பிருங்கி முனிவர் வண்டாகி அம்மையை விட்டுவிட்டு ஐயனை மட்டும் சுற்றி வந்தார். அம்மை கோபித்துப் பூவுலகம் வந்து, கௌதம முனிவர் சொன்னபடி இந்த விரதம் இருந்து, இறைவனின் இடப்பாகத்தைப் பெற்றாள். விரதக் கதை இதுதான். கும்பத்தில் வைத்து வணங்குவது இருவரையும். ஆண்களும் பிடிக்கும் விரதம் இது. "மனைவி பிடிக்கிறாள், எனக்கும் சேர்த்துத்தான்" என்று திண்ணையில் இருந்து பேப்பர் பார்ப்பது கணக்கில் வராது.

காப்பு எந்தக் கையில்?

இருபத்தோரிழைக் காப்பு. ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை.

கடை மாவில் அரியதரம்

கடைசி நாள் படையலுக்கு அரியதரம் சுடும்போது, பைக்கற்றில் வரும் உலர்ந்த அரிசிமாவைப் பாகில் கொட்டுகிறார்கள். எண்ணெயில் போட்டதும் அது பிரிந்து கரைந்து, தாச்சியின் அடியில் கசடாகப் படிகிறது. பிறகு அம்மனுக்கு என்ன குறை வைத்தோம் என்று கவலை. குறை மாவில்தான். பச்சையரிசியை ஊறவைத்து, வடித்து, ஈரம் முழுதும் காயுமுன் இடித்து அரிக்க வேண்டும். கையில் அள்ளிப் பொத்தினால் பிடி உடையாமல் நிற்கும், விரலால் தட்டினால் உதிரும், அதுதான் பதம். பாகில் குழைத்ததை ஓர் இரவு மூடி வைத்துவிட்டுச் சுடுங்கள். அமாவாசை காலையில் மா இடிக்கத் தொடங்குகிறவர் பூசைக்கு வந்து சேரமாட்டார்.

துடக்கு வந்தால்

விரதத்தை விட்டுவிடத் தேவையில்லை. பூசையை வீட்டில் இன்னொருவர் செய்யட்டும், காப்பைப் பிறகு வாங்கிக் கட்டலாம்.

பழைய காப்பு

கழற்றிய காப்பை ஆற்றில் விடுங்கள் என்று இந்தியக் காணொளிகளில் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் எந்த ஆற்றைத் தேடுவது? இருக்கிற வழுக்கையாறும் மாரி மழைக்குத்தான் ஓடும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கடலில் விடுகிறார்கள். மற்றவர்கள் கால்படாத இடத்தில் ஒரு பூமரத்தடியில் புதைக்கலாம். ஆனால் இப்போது கடைகளில் காப்பு என்று விற்பதில் பாதி நைலோன் கலந்தது. மண்ணில் எத்தனை வருடம் கிடந்தாலும் உக்காது. வாங்கும்போது ஓர் இழையைப் பிரித்துப் பாருங்கள், பருத்தி என்றால் மட்டும் வாங்குங்கள்.