ரயிலில் வந்த மிரட்டலும் கரண்ட் பில்லும்

மும்பை மாட்டுங்கா வீட்டில் அப்பா தனியாக இருந்தார். நான் தாதரில் ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சோலாப்பூரில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: பில் பாக்கி, இன்றிரவு 9.30க்குக் கரண்ட் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள். அப்பா இருட்டில் தடுமாறுவாரே என்று நெஞ்சு படபடத்தது.

ஆனால் அனுப்பியது சாதாரண பத்து இலக்கச் செல்போன் எண். அது உறுத்தியது, அழைக்கவில்லை. ஸ்டேஷன் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறினேன். வங்கிச் செயலியில் பில் கட்டும் பகுதிக்குப் போய், பழைய பில்லில் இருந்த நுகர்வோர் எண்ணைப் போட்டேன். உண்மையான பில் வந்தது: 1,140 ரூபாய், கெடுவுக்கு இன்னும் ஆறு நாள். சரி, அங்கேயே கட்டிவிட்டேன்.

அப்புறம் அப்பாவை அழைத்தேன். அவருக்கும் அதே செய்தி வந்திருக்கிறது! "யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீங்கப்பா, எந்த ஆப்பையும் இறக்காதீங்க" என்றேன். நம் போன் திரையை மோசடிக்காரர்களுக்குக் காட்டிவிடும் ஒரு செயலி போதும், கணக்கே காலியாகிவிடும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். அந்த எண்ணை அவருடைய போனில் பதிந்து வைத்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் பயணத்துக்கென்று தனிக் கணக்கு. யுபிஐ அதில்தான், மூவாயிரத்துக்கு மேல் வைப்பதில்லை.