பாம்புக்கடி ஆய்வுகள் வாராவாரம் மின்னஞ்சலுக்கு வர: பப்மெட் அலர்ட் அமைக்கும் முறை

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையத் தளமான பப்மெட்டில் அலர்ட் போடச் சில நிமிடம் போதும். வேண்டிய கட்டுரை அதில் தவறாமல் வருமா என்பது நீங்கள் எழுதும் தேடல் வரியைப் பொறுத்தது. ஆகவே முதலில் தேடல் வரியைச் சரிசெய்வோம், பொத்தான்களைப் பிறகு பார்ப்போம்.

பாம்புக்கடி சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. விஷமுறிவு மருந்து ஏற்றும் மருத்துவர்கள் இதன் புதிய ஆய்வுகளை உடனுக்குடன் பார்த்தாக வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஆய்வாளர்கள் ஒரே விஷயத்தைப் பல பெயர்களில் எழுதுகிறார்கள். 'ஸ்னேக்பைட்' சேர்த்தும் வரும், பிரித்தும் வரும். விஷமேறுதலுக்கு 'என்வெனமிங்', 'என்வெனமேஷன்' என்று இரண்டு சொற்கள். மருந்து சிலருக்கு 'ஆன்டிவெனம்', சிலருக்கு 'ஆன்டிவெனின்'. ஒன்றை விட்டாலும் ஒரு பகுதி கட்டுரைகள் கைநழுவும்.

தேடல் வரியை மூன்று துண்டாகக் கட்டுங்கள். சொற்களை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். முதல் துண்டில் 'ஸ்னேக்பைட்', 'ஸ்னேக் பைட்' இரண்டையும் நட்சத்திரக் குறியோடு போடுங்கள்; சொல்லின் முடிவு எப்படி மாறினாலும் அந்தக் குறி பிடித்துவிடும். பிரிந்து வருவதை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். இரண்டாவது துண்டில் 'என்வெனம்', 'ஆன்டிவெனம்', 'ஆன்டிவெனின்' நட்சத்திரக் குறியோடு ஒரு அடைப்புக்குள். 'ஸ்னேக்', 'வைப்பர்', 'கோப்ரா', 'க்ரைட்', 'டபோயா' (கண்ணாடி விரியன் இனம்), 'எக்கிஸ்' (சுருட்டை விரியன் இனம்) இன்னொரு அடைப்புக்குள். இரண்டுக்கும் நடுவே 'ஆண்ட்' (இரண்டும் இருக்க வேண்டும்). இந்த இரண்டாவது அடைப்பு இல்லாவிட்டால் தேளும் தேனீயும் ஜெல்லி மீனும் பெட்டியை நிரப்பிவிடும். மூன்றாவது துண்டு 'ஸ்னேக் பைட்ஸ்' என்ற மெஷ் தலைப்பு. மெஷ் என்பது கட்டுரை எதைப் பற்றியது என்று காட்ட அதற்கு ஒட்டப்படும் நிலையான தலைப்புச் சொல். முதல் துண்டிலும் ஒவ்வொரு அடைப்புக்குள்ளும் சொற்களை 'ஆர்' (ஏதேனும் ஒன்று) போட்டு இணையுங்கள், மூன்று துண்டுகளையும் அப்படியே. ஆண்ட், ஆர், நாட் மூன்றும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். நட்சத்திரக் குறிக்கு முன்னால் குறைந்தது நான்கு எழுத்து வேண்டும். முதல் இரண்டு துண்டுகளில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் டி-ஐ-ஏ-பி என்ற நான்கெழுத்தைச் சதுர அடைப்புக்குள் சேர்த்தால், தலைப்பு, சுருக்கம், ஆசிரியர் தரும் குறிச்சொற்கள் ஆகியவற்றில் மட்டும் தேடும்.

வார்டில் எல்லோரும் பாம்பு விஷமுறிவு மருந்தை ஏஎஸ்வி என்று சொல்கிறார்கள் என்பதற்காக அந்தச் சுருக்கத்தைச் சேர்த்துவிடாதீர்கள். நுண்ணுயிர் மரபணு ஆய்வுகளிலும், தூக்கத்தில் மூச்சுத்திணறலுக்கான கருவி பற்றிய ஆய்வுகளிலும் அதே மூன்றெழுத்துக்கு வேறு பொருள் உண்டு.

மெஷ் தலைப்பை மட்டும் நம்புவதும் ஆபத்து. 2022 முதல் மெஷ் ஒட்டும் வேலையைக் கணினியே செய்வதால் தாமதம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் அச்சுக்கு முன்பே இணையத்தில் வெளியாகும் கட்டுரைகள் மெஷ் இல்லாமல் வரக்கூடும். பப்மெட்டின் முக்கியப் பகுதியான மெட்லைனில் சேராத இதழ்களின் கட்டுரைகளுக்கு மெஷ் கிடைப்பதே இல்லை. பக்கத்தின் ஓரத்தில் உள்ள 'ஹியூமன்ஸ்', வயது போன்ற வடிகட்டிகள் மெஷ்ஷை வைத்தே இயங்குகின்றன. அவற்றை டிக் செய்தால் உங்களுக்கு மிகவும் வேண்டிய புதுக் கட்டுரைகளே முதலில் விடுபடும்.

விலங்கு ஆய்வுகள் வேண்டாமா? 'அனிமல்ஸ்' என்ற மெஷ்ஷை அப்படியே 'நாட்' போட்டு நீக்கக் கூடாது. பாம்பும் விலங்குதானே, நோயாளிகளைப் பற்றிய கட்டுரைகளிலும் அந்தத் தலைப்பு ஒட்டியிருக்கும். 'அனிமல்ஸ் நாட் ஹியூமன்ஸ்' என்று அடைப்புக்குள் வைத்து, அந்த அடைப்பு முழுவதையும் 'நாட்' போட்டு நீக்குங்கள். மெஷ் இன்னும் ஒட்டாத கட்டுரைகளை இது தொடாது.

'இந்தியா' என்று சேர்த்துக் குறுக்க வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. கண்ணாடி விரியன் இலங்கையிலும் உண்டு. இந்தியாவில் தயாராகும் பல்வகை (பல பாம்புகளின் விஷத்துக்கும் பொதுவான) விஷமுறிவு மருந்தைத்தான் அங்கும் பயன்படுத்துகிறார்கள். அங்கிருந்து வரும் ஆய்வுகளை இழக்கக் கூடாது.

இப்போது சோதனை. இந்தத் துறையில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஐந்து கட்டுரைகளின் பப்மெட் எண்களை 'ஆர்' போட்டு ஒரு அடைப்புக்குள் எழுதி, தேடல் வரியோடு 'ஆண்ட்' போட்டு இணையுங்கள். ஐந்தும் வர வேண்டும். நான்குதான் வந்தால், விடுபட்டதன் தலைப்பையும் சுருக்கத்தையும் படியுங்கள். நீங்கள் மறந்த சொல் அங்கே இருக்கும். பிறகு எண்களை நீக்கிவிட்டு, ஆண்டுவாரி வரைபடத்தில் சென்ற ஆண்டின் எண்ணிக்கையை 52-ஆல் வகுங்கள். 600 என்றால் வாரத்துக்குச் சுமார் 12 கட்டுரை, படித்துவிடலாம்.

தேடல் பெட்டிக்குக் கீழே உள்ள 'கிரியேட் அலர்ட்'டை அழுத்தினால் உள்நுழையச் சொல்லும். கூகுள், ஆர்கிட் (ஆய்வாளர்களுக்கான அடையாள எண்) அல்லது கல்லூரிக் கணக்கு போதும். ஒருநாள் கூகுளிலும் மறுநாள் ஆர்கிட்டிலும் நுழைந்தால் இரண்டு தனிக் கணக்குகள் உருவாகி, போட்ட அலர்ட்டைக் காணாமல் தேடுவீர்கள். கல்லூரிக் கணக்கில் தொடங்கினால், வேலை மாறும் முன்பே கணக்கு அமைப்புகளில் இன்னொரு உள்நுழைவையும் இணைத்துவிடுங்கள்.

படிவத்தில் வாரம் ஒருமுறை, வடிவம் 'அப்ஸ்ட்ராக்ட்' என்று வையுங்கள். தலைப்பை மட்டும் வைத்து எதைப் படிப்பது என்று முடிவெடுக்க முடியாது. 'சென்ட் அட் மோஸ்ட்' என்ற இடத்தில் 5 என்று விட்டால், 12 கட்டுரை வந்த வாரத்திலும் மின்னஞ்சலில் 5 மட்டுமே இருக்கும். 50 ஆக்குங்கள். புதிய கட்டுரை இல்லாவிட்டாலும் அனுப்பச் சொல்லும் கட்டத்தை முதல் இரண்டு மாதம் டிக் செய்து வையுங்கள். அப்போதுதான் மின்னஞ்சல் வராத வாரத்தில் ஸ்பேம் பெட்டியைப் பார்க்கத் தோன்றும். தேடல் வரியில் தேதி வரம்பு ஏதும் ஒட்டியிருந்தால் நீக்கிவிடுங்கள். அந்தத் தேதி கடந்ததும் அலர்ட் வெறுமையாகிவிடும்.

மின்னஞ்சல் வேண்டாம் என்றால், புதியவற்றைச் செய்தி வாசிப்புச் செயலியில் காட்டும் 'கிரியேட் ஆர்எஸ்எஸ்' இருக்கிறது, உள்நுழையத் தேவையில்லை.

பப்மெட்டில் இடம்பெறாத இந்திய இதழ்களுக்கும் ஆய்வேடுகளுக்கும் கூகுள் ஸ்காலரில் தனியாக ஒரு அலர்ட் போடுங்கள். இத்தனை நுணுக்கமான வரி அங்கே எடுபடாது, இரண்டு மூன்று சொல்லே போதும். முக்கியமான ஒரு சிகிச்சை ஆய்வின் கீழுள்ள 'சைட்டட் பை'யைத் திறந்து, அந்தப் பக்கத்தில் அலர்ட் போட்டால், அதை மேற்கோள் காட்டும் புதிய கட்டுரைகளை ஸ்காலர் கண்டெடுக்கும்போது தகவல் வரும். உங்கள் சொற்களில் எதையும் பயன்படுத்தாத கட்டுரையும் இந்த வழியில் சிக்கும்.