'கெட்' என்ற ஒரு சொல்லை முழுசாகப் பிடிப்பது எப்படி? தொடக்கநிலையாளர்களுக்குப் படிப்படியாக

'போடு' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று யாராவது கேட்டால் சட்டென்று சொல்லிவிட முடியுமா? சட்டை போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சண்டை போடுகிறோம். பூனை குட்டி போடுகிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறோம். இதில் எதையும் நாம் உட்கார்ந்து மனப்பாடம் செய்யவில்லை. 'போடு'வுக்கு முன்னால் எந்தச் சொல் நிற்கிறதோ, அதை வைத்தே பொருள் தெரிந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் 'கெட்' அப்படிப்பட்ட சொல். தமிழில் துணைச்சொல் முன்னால் வரும், ஆங்கிலத்தில் பின்னால் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். அகராதியைத் திறந்து இதன் பொருள்களை எண்ண ஆரம்பித்தவர்கள் பாதியிலேயே மூடிவைத்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போது 'கெட்'டுக்கு அடுத்து என்ன வருகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்வேன். இந்தப் பதிவும் அந்த வழியில்தான் போகிறது.

படி 1: மூன்று வடிவங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

நிகழ்காலம் 'கெட்', இறந்தகாலம் 'காட்'. மூன்றாவது வடிவம் பிரிட்டனில் 'காட்', அமெரிக்காவில் பெரும்பாலும் 'காட்டன்'. 'காட்டன்' பழைய ஆங்கில வடிவம்தான். பிரிட்டனின் பொதுவழக்கில் அது மறைந்துபோக, அமெரிக்காவில் தங்கிவிட்டது. 'ஃபர்கெட்' என்ற சொல்லுக்கு மட்டும் இரண்டு நாட்டிலும் 'ஃபர்காட்டன்' என்றே சொல்கிறார்கள்.

'ஐ ஹாவ் காட் எ கார்' என்றால் 'என்கிட்ட கார் இருக்கு'. அமெரிக்கர் 'ஐ ஹாவ் காட்டன் எ கார்' என்றால் 'கார் வாங்கிட்டேன்'. ஒன்று வைத்திருப்பது, மற்றது கைக்கு வந்துசேர்ந்தது.

சொல் வந்த வழியும் கொஞ்சம் உதவும். இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் இருந்த 'கெட்டா' என்ற வினையிலிருந்து இது வந்தது. அதன் வேரில் இருப்பது 'பிடி', 'கைப்பற்று' என்ற கருத்து. 'ஃபர்கெட்'டில் இருப்பதும் அதே வேர்தான். மனசின் பிடியிலிருந்து நழுவிப்போனால் மறதி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'ஐ கெட் இட்' என்றால் ஏன் 'புரியுது' என்று பொருள் என்பது எனக்கு விளங்கிவிட்டது. விஷயம் பிடிபட்டது என்று நாமும்தானே சொல்கிறோம்?

படி 2: பின்னால் ஒரு பொருளின் பெயர் வந்தால்

'ஐ காட் எ லெட்டர்': எனக்குக் கடிதம் வந்தது.
'ஐ காட் த ஜாப்': எனக்கு வேலை கிடைச்சிடுச்சு.
'ஐ காட் எ ஃபீவர்': எனக்குக் காய்ச்சல் வந்துடுச்சு.
'ஐ காட் எ நியூ ஃபோன்': புது போன் வாங்கினேன்.

முதல் மூன்றையும் கவனியுங்கள். தமிழில் கடிதம் வருகிறது, வேலை கிடைக்கிறது, காய்ச்சல் வருகிறது. செயலைச் செய்வது அந்தப் பொருள். நாம் 'எனக்கு' என்று ஓரமாக நிற்கிறோம். ஆங்கிலம் ஆளைத் தூக்கி முன்னால் நிறுத்திவிடுகிறது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் 'ஃபீவர் கேம் டு மீ' என்று சொல்வது இதனால்தான். மனசுக்குள் 'எனக்கு... வந்தது' அல்லது 'எனக்கு... கிடைத்தது' என்று ஓடினால், வாயில் 'ஐ காட்' என்று ஆரம்பித்துவிடுங்கள். பெரும்பாலும் சரியாக வந்துவிடும். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது வாக்கியம் கொஞ்சம் மழுப்பலானது. போனை வாங்கியிருக்கலாம், யாராவது பரிசாகவும் கொடுத்திருக்கலாம். எப்படி வந்தது என்று 'கெட்' சொல்லாது. காசு கொடுத்து வாங்கியதை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'பாட்' என்று சொல்லுங்கள்.

ஆளும் பொருளும் அடுத்தடுத்து வந்தால் 'கொண்டு வந்து கொடு'. 'கெட் மீ எ சேர்' என்றால் 'எனக்கு ஒரு நாற்காலி கொண்டு வா'. மணி அடிக்கும்போது 'கேன் யூ கெட் த டோர்?' என்றால் கதவைத் திறந்து யார் என்று பார்க்கச் சொல்கிறார்கள். 'கெட் த ஃபோன்' என்றால் போனை எடு.

படி 3: பின்னால் இடம் வந்தால்

போய்ச் சேர். 'ஐ காட் டு த ஸ்டேஷன் அட் நைன்': ஒன்பது மணிக்கு ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தேன். 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' ஆகிய மூன்றுக்கும் முன்னால் 'டு' போடக் கூடாது.

'வென் டிட் யூ கோ ஹோம்?' என்று கேட்டால் எப்போது வீட்டுக்குக் கிளம்பினாய் என்று கேட்கிறார்கள். 'வென் டிட் யூ கெட் ஹோம்?' என்றால் எப்போது வீடு போய்ச் சேர்ந்தாய் என்று. இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிடாதீர்கள்.

படி 4: பின்னால் ஒரு நிலையைக் குறிக்கும் சொல் வந்தால்

இங்கே 'கெட்' என்பது நம்முடைய 'ஆகு'. 'ஐ ஆம் டயர்ட்' என்றால் களைப்பாக இருக்கிறேன். 'ஐ காட் டயர்ட்' என்றால் களைத்துப் போய்விட்டேன். முதலாவது இருக்கிற நிலை, இரண்டாவது மாறிய நிலை. 'இட் இஸ் கெட்டிங் டார்க்' என்பதற்குத் தமிழ் கச்சிதமாகப் பொருந்துகிறது: இருட்டிக்கொண்டு வருகிறது. மெல்ல மெல்ல மாறுவதை நாம் 'கொண்டு வருகிறது' என்று சொல்லும் இடங்களில் எல்லாம் 'கெட்டிங்' வருமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

இதே படியில் இன்னொரு அழகான ஒற்றுமை இருக்கிறது.

'மை ஃபோன் வாஸ் ஸ்டோலன்': என் போன் திருடப்பட்டது.
'மை ஃபோன் காட் ஸ்டோலன்': என் போன் திருட்டுப் போயிடுச்சு.

இரண்டிலும் நடந்தது ஒன்றுதான். ஆனால் 'திருடப்பட்டது' என்பது செய்தித்தாள் நடை. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'திருட்டுப் போச்சு', 'உடைஞ்சு போச்சு', 'அடிபட்டுடுச்சு' என்றுதான் சொல்வோம். 'காட் ஸ்டோலன்', 'காட் புரோக்கன்', 'காட் ஹர்ட்' என்பவை அந்த வீட்டுப் பேச்சுக்கு இணையானவை. நாம் எதிர்பார்க்காமல், நம் கையை மீறி நடந்துவிட்டது என்ற தொனியும் அதில் சேர்ந்தே வரும். 'கெட் மேரிட்', 'கெட் டிரெஸ்ட்' போன்றவற்றில் அந்தத் தொனி இல்லை. அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: வேலையை வேறொருவர் செய்து கொடுத்தால்

தமிழர்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று போவோம்.

'நேத்து முடி வெட்டினேன்' என்கிறோம். வெட்டியவர் முடிதிருத்துபவர், இருந்தாலும் தமிழில் அது சரி. 'வீடு கட்டினேன்' என்று சொன்னால், செங்கல் அடுக்கியது கொத்தனார் என்று கேட்பவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை இல்லை. 'ஐ கட் மை ஹேர்' என்றால் கத்தரிக்கோலை நீங்களே எடுத்தீர்கள் என்று அர்த்தம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளிநாட்டில் இருந்த சக ஊழியர் ஒருவருக்கு 'ஐ ரிப்பேர்ட் மை லேப்டாப்' என்று எழுதினேன். தன்னுடைய லேப்டாப்பிலும் அதே கோளாறு என்றும், எந்தப் பாகத்தை எப்படிக் கழற்றினேன் என்று விளக்க முடியுமா என்றும் அவர் ஆர்வத்தோடு பதில் எழுதியிருந்தார். நான் அதைக் கடையில் கொடுத்து வாங்கி வந்திருந்தேன். ஒரு சொல் குறைந்ததற்கு இரண்டு மின்னஞ்சல் எழுதி விளக்க வேண்டியதாயிற்று.

நான் எழுதியிருக்க வேண்டியது 'ஐ காட் மை லேப்டாப் ரிப்பேர்ட்'. வரிசையைப் பாருங்கள்: 'காட்', அடுத்து பொருள், அதற்கு அடுத்து வினையின் மூன்றாவது வடிவம். 'ஐ காட் மை ஹேர் கட்' என்றால் முடி வெட்டிக்கிட்டேன். 'ஐ காட் மை ஐஸ் டெஸ்டட்' என்றால் கண் பரிசோதனை பண்ணிக்கிட்டேன். பொருள் நடுவில் இருக்க வேண்டும். அது கடைசிக்குப் போனால் எல்லாம் மாறிவிடும்.

வேலையைச் செய்தவர் யார் என்று சொல்ல வேண்டுமானால் வரிசை வேறு: 'காட்', ஆள், 'டு', வினை. 'ஐ காட் ஹிம் டு சைன்' என்றால் அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன். 'ஐ காட் த பேபி டு ஸ்லீப்' என்றால் குழந்தையைத் தூங்க வைத்தேன். 'ஐ மேட் ஹிம் சைன்' என்பதும் 'போட வைத்தேன்'தான். ஆனால் 'மேட்' வந்தால் பெரும்பாலும் வற்புறுத்தல் தெரியும், 'டு' வராது. 'காட்' வந்தால் பேசி, கெஞ்சி, சம்மதிக்க வைத்தது தெரியும், 'டு' கட்டாயம் வரும்.

படி 6: 'காட் டு' என்ற கண்ணி

'ஐ காட் டு ஸீ ஹெர்': அவளைப் பார்க்க வாய்ப்புக் கிடைச்சது.
'ஐ ஹாவ் காட் டு ஸீ ஹெர்': அவளைப் பார்த்தே ஆகணும்.

ஒன்று கிடைத்த சந்தோஷம், மற்றது தலைக்கு மேல் நிற்கிற கடமை. பேச்சில் 'ஐ ஹாவ்' என்பது 'ஐவ்' என்று சுருங்கி, சில சமயம் முழுசாகவே விழுங்கப்பட்டுவிடும். அப்போது காதுதான் துணை. கடமையைச் சொல்லும்போது 'காட் டு' இரண்டும் ஒட்டி, பிரிட்டனில் 'காட்ட' என்றும் அமெரிக்காவில் 'காடா' என்றும் கேட்கும். வாய்ப்பைச் சொல்லும்போது பெரும்பாலும் பிரிந்தே ஒலிக்கும். 'யெஸ்டர்டே' போன்ற சொல் பக்கத்தில் இருந்தால் அது நடந்து முடிந்த வாய்ப்பு. கேள்வியில் 'டிட் யூ கெட் டு...' என்று வந்தாலும் வாய்ப்புதான்.

படி 7: ஒட்டிக்கொள்ளும் குட்டிச் சொற்கள்

'அப்', 'ஆன்', 'ஓவர்' போன்றவை பின்னால் வந்து 'கெட்'டை வேறு வேலைக்கு இழுத்துப்போகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டாம். வண்டியில் ஏறி இறங்குவதிலிருந்து தொடங்குங்கள்.

பஸ், ரயில், விமானம், கப்பல் ஆகியவற்றுக்கு 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. காருக்கு 'கெட் இன்', 'கெட் அவுட் ஆஃப்'. உள்ளே எழுந்து நடமாட முடிகிற வண்டி என்றால் 'ஆன்', குனிந்து நுழைந்து உட்கார மட்டும் இடமிருந்தால் 'இன்' என்று வைத்துக்கொள்ளலாம். சைக்கிள், குதிரை போல மேலே ஏறி உட்காருகிறவற்றுக்கும் 'ஆன்'.

நம்மில் பலர் பஸ்ஸிலிருந்து இறங்குவதை 'கெட் டவுன்' என்கிறோம். நமக்குள் பேசும்போது புரிந்துவிடும். ஆனால் வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் 'கெட் டவுன்!' என்று அவசரமாகச் சொன்னால், ஆபத்து என்று நினைத்து அவர் தரையோடு குனிந்துவிடலாம். 'கெட் ஆஃப்' என்றே பழகிக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக: 'கெட் அப்' எழுந்திரு. 'கெட் பேக்' திரும்பி வா. 'கெட் அலாங்' ஒத்துப்போ. 'கெட் பை' இருப்பதை வைத்துச் சமாளி. 'கெட் த்ரூ' என்றால் போன் லைன் கிடைத்தது, அல்லது ஒரு கஷ்டமான காலத்தைத் தாண்டியாயிற்று. 'கெட் ஓவர்' என்றால் காய்ச்சலிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீண்டு வருவது. 'கெட் அவே வித்' என்றால் தப்புச் செய்துவிட்டு மாட்டாமல் தப்பித்துக்கொள்வது.

படி 8: எங்கே தவிர்க்க வேண்டும்

விண்ணப்பம், அறிக்கை போன்றவற்றில் 'ரிசீவ்', 'ஒப்டெய்ன்', 'பிகம்' நன்றாக இருக்கும். அதற்காக 'கெட்' கொச்சையான சொல் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நண்பரிடம் 'ஐ ரிசீவ்ட் எ ஃபீவர்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது நீங்களே செய்து பாருங்கள்

ஒவ்வொரு 'கெட்', 'காட்'டுக்கும் அடுத்து நிற்பதைப் பார்த்து எந்தப் படி என்று சொல்லுங்கள்:

'ஐ காட் அப் லேட். ஐ காட் டு த ஸ்டேஷன் இன் டைம், பட் ஐ குடன்ட் கெட் எ ஸீட். மை பேக் காட் டோர்ன். இட் வாஸ் கெட்டிங் டார்க் வென் ஐ காட் ஹோம். ஐ மஸ்ட் கெட் த பேக் ஃபிக்ஸ்ட்.'

விடை: 7, 3, 2, 4, 4, 3, 5. தாமதமாக எழுந்தேன், ஸ்டேஷனுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன், உட்கார இடம் கிடைக்கவில்லை, பை கிழிந்து போச்சு, வீடு சேர்ந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது, பையைக் கொடுத்துச் சரி பண்ணணும்.

ஏழும் சரியாக வந்தவர்களுக்கு, இன்னும் நான் சொல்லாத ஒன்று: 'டோன்ட் லெட் இட் கெட் டு யூ'. 'கெட் டு' என்பதற்குப் பின்னால் இடம் வந்தால் போய்ச் சேர் என்று மூன்றாம் படியில் பார்த்தோம். இங்கே இடத்துக்குப் பதிலாக 'யூ' நிற்கிறது. அது உன் வரைக்கும் வந்து சேர விடாதே, அதாவது மனசுல ஏத்திக்காதே.